வலிக்குதா என்று கேட்கப் படித்த காலம்

“…எங்கிட்டயும் நர்சிங்னுதாங்க சொன்னா. நான் என்னத்தக் கண்டேன்?”

அண்ணி இதைச் சொன்னபோது அண்ணன் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுக் கதிரையில் உட்கார்ந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை பகல். அவர் கையில் என் பயிற்சி நிலையத்திலிருந்து வந்த கடிதம். நான் குசினிக் கதவருகில் நின்றுகொண்டு, அண்ணி அடுத்து என்ன சொல்வார் என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வேறு ஏதோ சொல்லப்போகிறார், இது அதற்கு ஒரு தொடக்கம் மட்டும்தான் என்று அந்த நிமிஷம் வரை நம்பியிருந்தேன் என்றால் பாருங்கள்.

நர்சிங் என்று சொல்லச் சொன்னதே அவர்தான்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. பள்ளிக்கூடத்துச் சாதாரண தரப் பரீட்சையில் கணக்கு இரண்டு தடவை காலை வாரிவிட்டது. மஹய்யாவயில் அண்ணன் வீட்டில் இருந்தேன். அண்ணனுக்கு மாநகரசபையில் தண்ணீர்க் குழாய் பார்க்கும் வேலை. இரண்டு பெண்பிள்ளைகள். அவர்களைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போவது, கூட்டி வருவது, பைப்படியில் தண்ணீர் பிடிப்பது, துணி துவைப்பது எல்லாம் நான். டவுனில் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் மசாஜ் சொல்லித் தருகிறார்கள், ஆறு மாதம், முடிந்தால் சான்றிதழ் என்று கேள்விப்பட்டதும் முதலில் அண்ணியிடம்தான் சொன்னேன். எங்கள் வீட்டில் அண்ணனிடம் யாரும் நேராக எதுவும் கேட்பதில்லை. எனக்கு ஒரு சோடி செருப்பு வேண்டுமென்றாலும் அண்ணியிடம் சொல்லி, அண்ணி நேரம் பார்த்து அவரிடம் சொல்லி, பதிலும் அண்ணி வழியாகத்தான் வரும். யாரும் போட்ட சட்டமில்லை. பெரும்பாலான வீடுகளில் அப்படித்தான் நடந்தது. நானும் அதில் குறை காணவில்லை.

அண்ணி முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “மசாஜா? டவுன்ல மாடிப்படியில போர்டு போட்டு லைட்டு எரியுதே, அதா? உங்க அண்ணன் ஒன்னய மட்டுமில்ல, என்னயும் சேத்து வெளிய அனுப்பிருவாரு.”

“அது வேற அண்ணி. இது அரசாங்கச் சான்றிதழ். ஆஸ்பத்திரியில, நல்ல ஹோட்டல்ல எல்லாம் எடுப்பாங்க.”

அன்று பின்னேரம் துணி அலசும்போது அவராகவே பக்கத்தில் வந்து குந்தினார். “நர்சிங்னு சொல்லிருவோம். நர்சிங்னா ஒருத்தரும் ரெண்டாவது கேள்வி கேக்க மாட்டாங்க. மத்தத நான் பாத்துக்குறேன். நீ படி.”

நான் அந்த ஈரக் கையோடு அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அவர் சட்டையெல்லாம் சவர்க்கார நுரை. “போதும் போதும், இப்பவே மசாஜ் பண்ணாத” என்றார்.

வகுப்பு முழுக்கச் சிங்களத்தில். பதினாறு பெண்கள். தமிழ் பேசுகிறவர்கள் நானும் கெலிஓயாவிலிருந்து பஸ்ஸில் வந்த ஒரு பெண்ணும் மட்டும். எனக்குப் பேச்சுச் சிங்களம் சரளம். எழுத்து என்றால் எறும்பு ஊர்வதுபோலத் தெரியும். கெலிஓயாக்காரி எழுதிய குறிப்பை நான் கொப்பி பண்ணுவேன். பதிலுக்கு மசாஜ் மேசையில் கை வைக்கும் விதத்தை அவளுக்குச் சொல்லிக் கொடுப்பேன். “ஒனக்கு மூளை கையில இருக்கு, எனக்குக் கொப்பில இருக்கு. ரெண்டு பேரையும் அரைச்சுக் கலக்குனா ஒரு நல்ல புள்ள வரும்” என்பாள்.

சொல்லிக்கொடுத்த மிஸ் கட்டையான, சத்தமாகச் சிரிக்கிற மனுஷி. முதல் வாரம் முழுக்கக் கையைப் பற்றிப் பேசவேயில்லை, காலைப் பற்றித்தான். கட்டைவிரலால் அமுக்குகிறவளுக்கு ஒரு வருஷத்தில் கட்டைவிரல் போய்விடும். பின்காலை ஊன்றி உடம்பின் பாரத்தைச் சாய்த்துக் கொடு, கை சும்மா கூட வரட்டும் என்று சுவரைத் தள்ளவைத்தார். அதற்குப் பிறகுதான் முதுகு.

நாங்கள் செய்த பெரிய பிழை வேறு. ஒவ்வொரு தடவை அமுக்கும்போதும் “ரிதெனவத?”, வலிக்கிறதா என்று கேட்க வேண்டும். கேட்டோம். படுத்திருக்கிற பெண் இல்லை என்பாள். இன்னும் அமுக்குவோம். இல்லை என்பாள். எங்கள் ஊர்ப் பெண்களிடம் வலிக்கிறதா என்று கேட்டால் வேறு என்ன பதில் வரும்? சிங்களத்தி, தமிழச்சி, முஸ்லிம் என்ற வித்தியாசமே இல்லை. கேட்கிறவள் மனம் நோகக் கூடாது, அவ்வளவுதான். மிஸ் ஒரு நாள் மேசையைத் தட்டிச் சொன்னார்: “வாயைக் கேட்காதே. கால் விரலைப் பார். வலித்தால் அது மடங்கும். அதற்கு மரியாதை தெரியாது.”

முப்பது தடவை வெளியில் செய்துபார்த்து ஒரு பதிவுக் கொப்பியில் எழுத வேண்டும். பெயர், உடம்பில் எந்த இடம், படுத்தவர் தன் வலியை எப்படிச் சொன்னார், நாங்கள் என்ன செய்தோம், கடைசியில் அவர் கையெழுத்து. அந்தக் கொப்பியை மிஸ்ஸைத் தவிர யாருக்கும் காட்டக் கூடாது என்பது முதல் நாளே போட்ட கட்டளை. “அவள் புருஷன் கேட்டாலும் காட்டாதே. அம்மா கேட்டாலும் காட்டாதே. எழுதியது நீ என்றாலும் அது படுத்திருந்தவளுடையது.”

மற்றவர்களுக்கு அந்த மூன்றாவது கட்டத்தை நிரப்புவது தொல்லை. ‘முதுகு வலி’, ‘கால் வலி’ என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். எனக்கோ அதுதான் கொண்டாட்டம். மனுஷர் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்க எனக்குச் சின்ன வயதிலிருந்தே பைத்தியம். தெரு கூட்டுகிற ஒரு அக்கா படுத்துக்கொண்டு சொன்னார்: “வலியெல்லாம் இல்ல தங்கச்சி. உள்ளுக்குள்ள யாரோ வாடகைக்கு இருக்காங்க, அவ்வளவுதான்.” சில்லறைக் கடைக்காரம்மாவுக்கு இடுப்பு. “நான் எந்திரிச்சுருவேன். அது எந்திரிக்கக் கொஞ்ச நேரம் ஆகும். ரெண்டு பேரும் ஒன்னா வந்து ரொம்ப நாளாச்சு.” ஒருவருக்கு உளையும், ஒருவருக்குக் குடையும், இன்னொருவருக்குச் சுள்ளென்று இழுக்கும், இன்னொருவருக்கு விண்விண்ணென்று தெறிக்கும். வலி என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு இவர்கள் யாரும் திருப்திப்படவில்லை. நான் ஒரு எழுத்து மாற்றாமல் தமிழிலேயே எழுதினேன். கெலிஓயாக்காரி மிஸ்ஸுக்கு வாசித்துச் சிங்களத்தில் சொன்னாள். மிஸ் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இந்த வகுப்பில் கேட்டு எழுதியவள் நீ ஒருத்திதான்” என்றார். படிப்பில் நான் முதன்முதலில் வாங்கிய பாராட்டு அது.

மழைக் காலம் வந்ததும் ஆள் வருவது நின்றுவிட்டது. அப்போது அண்ணி தானே பாயை விரித்தார். “நான் இருக்கேன்ல? எழுதிக்க.” முப்பதில் பன்னிரண்டு அண்ணியுடையது.

அவருக்கு வலது தோள். பின்னால் கை போகாது. தலை வார மூத்த மகளைக் கூப்பிடுவார். முதல் நாட்களில் எங்கே தொட்டாலும் “ஒன்னுமில்ல, ஒன்னுமில்ல” என்றார். கால் விரலெல்லாம் மடங்கி நின்றது. நான் அமுக்குவதை விட்டுவிட்டுத் தோளை இரண்டு கையாலும் ஏந்தி வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன். நாலைந்து நாளில் விரல் மடங்குவது நின்றது. பிறகு பேச்சு வந்தது. பாயில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, யாரிடமோ சொல்வதுபோலப் பேசினார்.

“உங்க அண்ணன் நல்லவருதான். ஆனா இந்தப் பதினோரு வருஷத்துல எங்க வலிக்குதுன்னு ஒரு நாளாவது கேட்டிருப்பாரா? குழாய் ஒழுகுனா எந்த வீட்டுக்கும் ஓடுவாரு.”

நான் எழுதினேன். அவர் தலையைத் திருப்பிப் பார்த்தார்.

“என்ன எழுதுற?”

“நீங்க சொன்னதத்தான்.”

திரும்பவும் பாயில் தலையைச் சாய்த்துக்கொண்டு, “எழுது. ஒருத்தராவது எழுதி வைக்கட்டும்” என்றார். எழுந்து உட்கார்ந்து, நான் நீட்டிய பேனையால் கையெழுத்தும் போட்டார். அதற்குப் பிறகு அவர் சொன்னதெல்லாம் அந்தக் கொப்பியில் இருக்கிறது. அண்ணனைப் பற்றி, தன் அம்மா வீட்டைப் பற்றி, இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு பட்ட பாட்டைப் பற்றி.

நாலாம் மாதம் அவரே தன் தலையை வாரினார். வாரி முடித்துவிட்டுச் சீப்போடு என்னிடம் வந்து, “இந்தக் கைய வெச்சுக்கிட்டு நீ எங்கயும் போயிறாத” என்றார். நான் அதைப் புகழ்ச்சி என்று எடுத்துக்கொண்டேன்.

பிறகுதான் அந்தக் கடிதம் வந்தது. கடைசி இரண்டு மாதம் வெளியில் வேலைப் பயிற்சி. எனக்குக் கிடைத்தது அம்பிட்டிய மலைச் சரிவில் ஒரு ஹோட்டல். காலையில் போனால் இருட்டுகிற நேரம்தான் வீடு; கிழமைக்கு ஒரு நாள்தான் லீவு. நன்றாகச் செய்தால் அங்கேயே வேலைக்கு எடுத்துக்கொள்வார்கள் என்று மிஸ் என் காதில் தனியாகச் சொன்னார். வீட்டுப் பெரியவர் ஒருவர் கையெழுத்திட்டு, திங்கட்கிழமை காலையில் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் இடம் வேறு ஆளுக்கு, சான்றிதழும் இல்லை.

சனிக்கிழமை அண்ணியிடம் கொடுத்தேன். அன்று முழுக்க என்னைக் கேள்வி கேட்டார். எத்தனை மணிக்குப் போவாய், எத்தனை மணிக்கு வருவாய், சம்பளம் வந்தால் தனியாகப் போய்விடுவாயா. எல்லாவற்றுக்கும் சிரித்துக்கொண்டே பதில் சொன்னேன். “சரி, நாளைக்குச் சாப்பிட்ட பொறகு நானே பேசுறேன். வயிறு நெறஞ்சா மனுசன் கொஞ்சம் எளகுவாரு. நீ மட்டும் வாயத் தொறக்காத” என்றார்.

நான் திறக்கவில்லை. கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தார். அண்ணன் இரண்டு தடவை சோறு போட்டுக்கொண்டார். எல்லாம் நல்லபடியாகப் போகிறது என்று நினைத்தேன். தட்டை எடுத்து வைத்துவிட்டு வந்து, “இதக் கொஞ்சம் பாருங்க, இவ குடுத்தா” என்று கடிதத்தை நீட்டினார். அண்ணனுக்குச் சிங்களம் எழுத்தும் நன்றாக வரும். உதடு அசைய வாசித்தார். ஹோட்டல் என்ற இடத்தில் நின்றார். மசாஜ் என்ற இடத்தில் இன்னொரு தடவை நின்றார்.

“இது நர்சிங் இல்லயே?”

நான் அண்ணியைப் பார்த்தேன். அப்போதுதான் அவர் அதைச் சொன்னார். சொல்லிவிட்டு நிறுத்தவுமில்லை. “காலையில போறா, பின்னேரம் வர்றா. கேட்டா எலும்பு நரம்புன்னு என்னமோ சொல்லுவா. படிக்காதவ நான், எனக்கு எப்படித் தெரியும்?”

அண்ணன் சத்தம் போடுகிறவர் இல்லை. போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். மெதுவாகத்தான் கேட்டார். “பாப்பா, இத்தன மாசமா யாரு மேல கை வெச்சுப் பழகுன?”

“பொம்பளைங்க மேலதான் அண்ணன்.”

“எந்தப் பொம்பளைங்க?”

என் பை ஆணியில் தொங்கியது. கொப்பி அதற்குள். எட்டி எடுத்து விரித்தால் பன்னிரண்டு இடத்தில் அவர் பெண்சாதியின் கையெழுத்து. ஆனால் கையெழுத்துக்கு மேலே அண்ணி சொன்னதும் இருக்கிறதே. ‘எங்க வலிக்குதுன்னு ஒரு நாளாவது கேட்டிருப்பாரா’ என்று என் கையாலேயே எழுதி வைத்திருக்கிறேனே. நான் அண்ணியின் காலைப் பார்த்தேன். பத்து விரலும் சிமெந்துத் தரையைப் பிடித்துக்கொண்டிருந்தன.

“ஒரு பேரச் சொல்லு. போதும். நான் போய் விசாரிச்சுக்கிறேன்.”

தெரு கூட்டுகிற அக்காவின் பெயரைச் சொல்லியிருக்கலாம். கடைக்காரம்மாவின் பெயரைச் சொல்லியிருக்கலாம். அண்ணன் போய்க் கேட்பார். அவர்கள், எங்களை விடு, உன் வீட்டுக்காரியைக் கேள் என்பார்கள். நான் அண்ணிக்குத் தோள் பிடித்துவிட்டது இந்தத் தெருவில் யாருக்குத் தெரியாது? அது அண்ணிக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான், நான் வாய் திறக்க மாட்டேன் என்று கணித்துக்கொண்டுதான் சொன்னார். அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. பயத்தில் உளறியிருந்தால் மன்னித்திருப்பேன்.

“சொல்ல முடியாது அண்ணன். மிஸ் சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க.”

“பேரு சொல்ல முடியாத வேலன்னா அது நமக்கு வேணாம்” என்றார். கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு எழுந்தார். “நாளையிலருந்து போகாத.” சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அந்தச் சான்றிதழ் இன்றுவரை என்னிடம் இல்லை. மிச்சத்தை நானாகத்தான் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டேன்.

வீட்டுக்குள் நாங்கள் இருவரும் மட்டும். பிள்ளைகள் வெளியில் விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

“ஏன் அண்ணி?”

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. மேசையைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார். “நீ பாட்டுக்குப் போயிட்ட. இந்த ரெண்டையும் யாரு பாக்குறது? நான் ஒத்தையா என்ன பண்ணுவேன்?” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “கொஞ்ச நாள் போகட்டும். நேரம் பாத்து நானே பேசுறேன்” என்றார்.

அவர் வாசலுக்குப் போனார். மறுநாளைக்கென்று காலையில் நான் துவைத்துக் காயப்போட்டிருந்த வெள்ளைப் பயிற்சிச் சட்டை கொடியில் கிடந்தது. அதை எடுத்து உதறினார். மூத்தவளைக் கூப்பிட்டு நேராக நிற்கச் சொல்லி, சட்டையை அவள் தோளோடு தோள் வைத்து அளந்தார். “தோள்லயும் இடுப்புலயும் புடிச்சா போதும், அடுத்த தவணைக்கு ஸ்கூல் சட்டை ஆயிரும்” என்று பிள்ளையிடம் சொல்லிவிட்டு, படியில் உட்கார்ந்து, பக்கத் தையலைப் பல்லால் கடித்துப் பிரிக்கத் தொடங்கினார்.