பதினான்காம் நாற்காலி

1. கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் திரைப்படக் குழு, எண்பதுகளில் வந்த அமெரிக்கப் பள்ளி நகைச்சுவைப் படம் ஒன்றைத் திரையிட்டது.
2. அதில் கண்ணாடி போட்ட ஒரு பையனை ஜட்டியோடு வராந்தாவில் நிறுத்தினார்கள். அரங்கமே சிரித்தது.
3. முடிந்ததும், பெயரில்லாத கருத்துச் சீட்டுகளை வழக்கம்போல நான் வாசித்தேன்.
4. பதினான்காம் நாற்காலிக்காரர் எழுந்து போனார்.

அவர் சுக்குக் கிடங்கு ஒன்றின் மேற்பார்வையாளர். ஐம்பது வயது இருக்கும், தடித்த கண்ணாடி. கைக்குட்டையை விரிக்காமல் எந்த நாற்காலியிலும் உட்காரமாட்டார். அந்தப் படத்தை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தார். ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை. சீட்டைத் தரும்போது மகளிடம் கேட்பதுபோலக் கேட்டார்:

“பேரு எழுத வேண்டாமில்லே, மோளே?”

“வேண்டாம் சேட்டா. யாருக்கும் தெரியாது.”

‘அந்தப் பையன் நான்தான். எங்கள் பள்ளியில் ஜட்டியைக்கூட விட்டுவைக்கவில்லை’ என்று எழுதியிருந்தார். எண்ணிக்கை தவறக்கூடாதென்று, வாங்கியதும் ஒவ்வொரு சீட்டின் பின்புறமும் நாற்காலி எண்ணைப் பெரிதாகப் போட்டுவைப்பது என் பழக்கம். நான் தூக்கிப் பிடித்து வாசித்தபோது முன்வரிசை அதைப் பார்த்துவிட்டது.

“பதினாலு! சேட்டா, இன்னைக்காவது போட்டுட்டு வந்தீங்களா?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். அவர் கைக்குட்டையை நான்காக மடித்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

“யாருக்கும் தெரியாதுன்னு சொன்னியே, மோளே.”

அதன்பின் அவர் வரவில்லை. எண் போடுவதை நான் நிறுத்தவில்லை; சிறியதாகப் போடுகிறேன். பதினான்கில் இப்போது வேறொருவர் உட்காருகிறார்.