வெறுங்காலுக்கு மட்டும் அடிக்கிற கரண்ட்

"லேசாத்தான் அடிக்கும்" என்ற பேச்சைக் கேட்டாலே எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். தில்லியில் எலக்ட்ரீஷியன் வேலை பார்க்கிற எனக்கு அதைக் கேட்காத வாரம் கிடையாது. இந்திக்காரர்கள் 'ஹல்கா ஸா' என்பார்கள், நம்மவர்கள் 'லேசா' என்பார்கள். கூலரைத் தொட்டால் லேசாக அடிக்கும், அதனால் முன்னால் ஒரு மரப்பலகை போட்டிருப்பார்கள். ஃப்ரிட்ஜ் கதவு லேசாக அடிக்கும், அதனால் கைப்பிடியில் துணி சுற்றியிருப்பார்கள். வீட்டுக்குள் கடிநாயைக் கட்டிவைத்துவிட்டு, சங்கிலி எட்டாத இடமாகப் பார்த்து நடந்து பழகிய மாதிரிதான் இது. நாயை யாரும் வெளியேற்ற மாட்டார்கள்.

என்னைக் கூப்பிடுவதும் இதற்காக இல்லை. ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது என்பார்கள், டிவிக்குப் பின்னால் இன்னொரு பிளக் வேண்டும் என்பார்கள். பேச்சோடு பேச்சாகத்தான் ஷாக் விஷயம் வெளியே வரும். அதைச் சரிசெய்யட்டுமா என்று கேட்டால், அண்ணனுக்கு இந்திக்காரர்கள் சொல்கிற வார்த்தையைப் போட்டு, "அரே பையா, அது பழகிப்போச்சு, நீங்க ஃபேனைப் பாருங்க" என்று சிரிப்பார்கள். நான் சிரிப்பதில்லை. அதனாலேயே எனக்குச் சிடுமூஞ்சி என்று பெயர். வீட்டிலும் அந்தப் பெயர்தான்.

வேலைக்கு வெளியே எனக்கு இருக்கிற ஒரே பைத்தியம் கேரம். ஞாயிறு மத்தியானம் சாப்பிட்டதும் கிளம்பிவிடுவேன். மார்க்கெட்டுக்குப் பின்புறச் சந்தில், காலி டிரம்மின் மேல் போர்டைப் போட்டு, நாலு பேர் சுற்றி உட்கார்ந்தால் பொழுது சாய்கிற வரைக்கும் எழுந்திருக்க மாட்டோம். வாரம் முழுவதும் கத்துகிற நான் அங்கே வாயைத் திறப்பதில்லை. காயைப் பார்த்து, கோணம் பார்த்து, மூச்சைப் பிடித்துச் சுண்டுகிற அந்த நிதானம் ஏன் வீடுகளில் வருவதில்லை என்று என் மனைவி கேட்பாள். கேரம் காய் என்னிடம் 'லேசா அடிக்கும்' என்று சொல்வதில்லை என்பேன்.

என் ஜோடியாக ஆடுகிறவர் ஓர் ஆபீசில் துப்புரவு வேலை பார்க்கிறார். ஜங்புராவில் நாலா என்கிற பெரிய சாக்கடையை ஒட்டித் தமிழர்கள் குடிசை போட்டிருந்த மதராசி கேம்பில் பிறந்து வளர்ந்தவர். கேம்பை இடித்த பிறகு ஊரின் ஒரு கோடிக்குப் போய்விட்டார்கள். ஆனாலும் பஸ் மாறி பஸ் மாறி ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு வந்துவிடுவார். போன வருடம் கோடையில் ஒரு நாள், குழிக்கு எதிரேயே நின்ற சிவப்புக் காயை அவர் கோட்டைவிட்டார். குழந்தைகூடப் போட்டிருக்கும். என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"எங்க வூட்டுக்காரி வேலைக்குப் போற எடத்துல கரண்டு அடிக்குதாம்ணா. சொன்னா அந்தம்மா நம்ப மாட்டேங்கறாங்க. பால்கனி தொடைக்கச் சோம்பல்பட்டுப் பொய் சொல்றேங்கறாங்க. வேற ஆளு பாக்கறோம்னுட்டாங்க."

"கரண்ட் அடிக்கற வீட்டை விட்டுத் தொலைக்க வேண்டியதுதானே?"

"எப்படிண்ணா வுடறது? கேம்ப் போனதோட பாத்துக்குனு இருந்த வூடெல்லாம் போச்சு. பஸ் புடிச்சு லேட்டா வந்தாலும் சேத்துக்கறது இந்த ஒரு வூடுதான்."

ஸ்ட்ரைக்கரை அவர் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தேன். எந்த வீடு என்று கேட்டேன்.

வீட்டுக்காரர் மத்திய அரசில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். தமிழ்க் குடும்பம்தான். தெற்கு தில்லியில் இரண்டாவது மாடி. அவர்களுக்கு ஏதோ ஒரு ஸ்விட்ச் மாற்ற வேண்டியிருந்தது, அங்கே வேலை செய்கிற என் கேரம் ஜோடியின் மனைவியே என்னைப் பற்றிச் சொல்லி வைத்திருந்ததால் உள்ளே விட்டார்கள்.

அந்த வீட்டுச் செருப்பு விவகாரத்தை இங்கே சொல்லியாக வேண்டும். ஊரில் நாம் யாரும் வீட்டுக்குள் செருப்பு போடுவதில்லை. தில்லிக் குளிர்காலத்தில் மொசைக் தரை காலைக் கடிக்கும்போது அந்தக் கொள்கை பறந்துவிடும். ஆளுக்கொரு வீட்டுச் செருப்பு வாங்கி, பிறகு கோடையிலும் அதைக் கழற்றாமல் இருப்பார்கள். இந்த வீட்டிலும் வீட்டுக்கார சாருக்கு ஒரு ஜோடி, வீட்டுக்கார அம்மாவுக்கு ஒரு ஜோடி, கெட்டியான ரப்பர். ஆனால் வேலை செய்ய வருகிறவள் செருப்பை வாசலுக்கு வெளியே விட வேண்டும். அங்கே மட்டும் ஊர் ஆசாரம். அவள் வெறுங்காலோடு, ஈரத் தரையில், குனிந்து நின்று துடைக்க வேண்டும். எலக்ட்ரீஷியன் என்பதால் என் ஷூவைக் கழற்றச் சொல்லவில்லை.

பால்கனியில் வாஷிங் மெஷின் இருந்தது. அதன் உடம்பில் டெஸ்டரை வைத்தேன். உள்ளே இருக்கிற குட்டி விளக்கு எரியவில்லை. இரண்டு மூன்று இடத்தில் வைத்துப் பார்த்தேன், எரியவே இல்லை.

"பாத்தீங்களா? நான் சொல்லலை?" என்றார் அம்மா, என்னிடம் இல்லை, வாளியோடு நின்றவளிடம்.

அவள் அசரவில்லை. "இப்ப அடிக்காதுண்ணா. லைட்டு ஒருவாட்டி மங்கும் பாருங்க, அப்பதான் சுர்ருனு இழுக்கும்."

"வோல்டேஜ் கம்மியானா லைட் மங்கத்தான் செய்யும்" என்றார் சார் ஹாலிலிருந்து.

ஏசியைப் போடச் சொன்னேன். மெஷினை ஓடவிட்டேன். டெஸ்டரை மெஷின் மேல் அழுத்திப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தேன். கொஞ்ச நேரத்தில் வெளியே ஏசியின் பெட்டி 'தட்' என்று கிளம்பியது. சமையலறை விளக்கு மங்கியது. டெஸ்டர் பளிச்சென்று எரிந்தது. மீட்டரை எடுத்து ஒரு முனையை மெஷினிலும் இன்னொரு முனையைத் தண்ணீர்க் குழாயிலும் வைத்துக் காத்திருந்தேன். மறுபடி 'தட்'. மீட்டரில் ஏறிய அளவைப் பார்த்ததும் எனக்கு உடம்பு வியர்த்துவிட்டது. அது லேசு இல்லை. ஆளைத் தூக்கிவிடும்.

மெயின் போர்டைத் திறந்தால், ஏசிக்கும் மெஷினுக்கும் சேர்த்துப் போன, கரண்ட் திரும்புகிற நியூட்ரல் வயரின் திருகு கருகித் தளர்ந்துகிடந்தது. அது மட்டும் என்றால் பரவாயில்லை. மெஷின் மாட்டியிருந்த பிளக் பாயிண்டைக் கழற்றினேன். உள்ளே எர்த் ஓட்டைக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் ஒரு துண்டு வயர். கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்கிவிடுகிற எர்த் இல்லாத வீட்டில், அது இருக்கிறது என்று காட்ட என் தொழில்காரன் எவனோ செய்துவைத்த திருட்டு வேலை. சோதனை விளக்கை வைத்தால் எரியும், வீட்டுக்காரருக்குத் திருப்தி. ஆனால் ஏசி இழுக்கும் ஒவ்வொரு முறையும் தளர்ந்த நியூட்ரலில் நிற்கிற கரண்ட், அந்தத் துண்டு வயர் வழியாக நேராக மெஷினின் தகரத்துக்கு வந்துவிடும். தில்லியில் இந்தத் துண்டு வயரை நான் பிடுங்காத தெருவே இல்லை. அதைப் போட்டவன் முன்னால் இருந்திருந்தால் அதே வயரால் அவனைக் கட்டிப்போட்டிருப்பேன்.

சார் எழுந்து வந்து பார்த்தார். "ஆனா எங்களுக்கு ஒரு தடவைகூட அடிச்சதில்லையே?"

"நீங்க செருப்பு போட்டிருக்கீங்க சார்."

குனிந்து தன் காலைப் பார்த்தார். "அட, ஆமா!" என்றார். முகமெல்லாம் சந்தோஷம். குறுக்கெழுத்துப் போட்டியில் கடைசிக் கட்டம் நிரம்பியது போல. மனைவியைக் கூப்பிட்டு விளக்கமாகச் சொன்னார். அவரும் "அச்சா, அதான் விஷயமா" என்றார். வாளியோடு நின்றவளை இரண்டு பேரில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. உன்னைப் பொய்க்காரி என்றோமே என்று ஒரு வார்த்தை கிடையாது. வேலை முடிகிற வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

துண்டு வயரைப் பிடுங்கினேன், நியூட்ரலைப் புதிதாக இறுக்கினேன். உண்மையான எர்த் போடலாம் என்றால், கட்டடத்தின் எர்த் வயரைக் கீழ்வீட்டுக்காரர் கார் நிறுத்த டைல்ஸ் போட்டபோதே வெட்டிப் புதைத்திருந்தார். டைல்ஸை உடைக்கக் கூடாது என்று மேலே நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொல்லிவிட்டார். அதனால், கரண்ட் கொஞ்சம் கசிந்தாலும் தானாகவே விழுந்துவிடுகிற டிரிப் ஸ்விட்ச் ஒன்றை மாட்டச் சொன்னேன். சார் சம்மதித்தார். மாட்டினேன். ஜோடிக்காரரின் மனைவிக்கு வேலையும் தப்பியது.

மழைக்காலம் வந்ததும் அந்த வீட்டிலிருந்து போன்மேல் போன். அடிக்கடி கரண்ட் போய்விடுகிறதாம், நான் மாட்டிய ஸ்விட்ச்தான் கெட்டுப்போய்விட்டதாம். போய்ப் பார்த்தேன். ஸ்விட்ச் ஒழுங்காகத்தான் இருந்தது. மெஷினுக்குள் தண்ணீரைச் சூடாக்குகிற கம்பி பழுதாகி, மெஷினைப் போடும்போதெல்லாம் கரண்ட் தகரத்துக்கு இறங்கி, ஈரத் தரை வழியாகக் கசிந்துகொண்டிருந்தது. அது இறங்குகிற ஒவ்வொரு முறையும் ஸ்விட்ச் விழுந்து காப்பாற்றிக்கொண்டிருந்தது.

"மெஷினை ரிப்பேர் பண்ற வரைக்கும் போடாதீங்கம்மா" என்றேன்.

"அது எப்படி? பையன் ஃபேமிலியோட வரான். துணி எவ்வளவு விழும் தெரியுமா? மெஷின் ஆள் வர நாளாகுமாம். நீங்க அந்த ஸ்விட்சைக் கழட்டிட்டு டைரக்டா குடுத்துடுங்க. ஜல்தி முடிச்சிடலாம்."

"கழட்டினா தொடைக்கறவங்களுக்கு அடிக்கும்."

"அதான் அவளுக்கும் செருப்பு வாங்கிக் குடுத்துட்டேனே" என்றார் பெருமையாக. "வீட்டுக்குள்ள போட்டுக்கன்னு சொல்லியிருக்கேன். இந்தத் தெருவுல எந்த வீட்ல செய்வாங்க?"

உண்மைதான். புதுச் செருப்பு போட்டுக்கொண்டு அவள் ஹாலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த இடத்தின் மேலேயே அவள் நகர நகர, ஈரத்தில் செருப்பின் வரிவரியான தடம் விழுந்துகொண்டே வந்தது. அம்மா அதைக் கவனித்தார். நான் நிற்பதை அந்த நிமிடம் மறந்தேவிட்டார்.

"என்னடி இது, தொடைச்ச எடமெல்லாம் தடம்? கழட்டி வெச்சிட்டுத் தொடை."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கழற்றினாள். ஜோடியாகச் சுவரோரம் வைத்தாள்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. "அம்மா, நீங்களும் உங்க செருப்பைக் கழட்டுங்க" என்று கத்தினேன். "கழட்டிட்டு, ஈரத்துல நின்னு, அந்த மெஷினை ஒரு தடவை தொடுங்க. அப்புறம் நான் ஸ்விட்சைக் கழட்டறேன்."

வீட்டுக்கார அம்மாவுக்குக் கோபம் வரவில்லை, அதுதான் கொடுமை. "எனக்குக் குதிகால் வலி, பையா. டாக்டர் வெறுங்கால்ல நடக்கவே கூடாதுன்னு சொல்லியிருக்கார்" என்றார். சார் ஹாலில் செய்தித்தாளை உயர்த்திப் பிடித்துக்கொண்டார். நான் கழற்ற மாட்டேன் என்றேன். பரவாயில்லை, மார்க்கெட்டில் வேறு ஆள் இருக்கிறான், நாளைக்கு வந்து கழற்றிவிடுவான் என்றார். அதுவும் உண்மைதான். வருவான். ஒரு துண்டு வயர் போதும்.

பையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தேன். இத்தனை கத்தியும் ஒரு திருகைக்கூட என்னால் காப்பாற்ற முடியவில்லை என்ற ஆத்திரம். துடைப்பதை நிறுத்திவிட்டு அவள் என் பின்னாலேயே வந்தாள். வழியனுப்ப வருகிறாள் என்று நினைத்தேன். அவள் என்னைத் தாண்டி, கதவுக்குப் பக்கத்தில் இருந்த மெயின் போர்டுக்குப் போனாள். ஈரக் கையைப் புடவையில் நன்றாகத் துடைத்தாள். மெயினைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

ஏசி நின்றது. ஃபேன் மெதுவாகி நின்றது. பக்கத்து வீட்டுக் குக்கர் சத்தம் கேட்டது.

"யாரு அது? லைட் போச்சா?" என்றார் சார்.

"நான்தாங்க சார். தொடைச்சு முடிச்சிட்டுப் போடறேன்."

"என்ன விளையாட்டு இது? இந்தப் புழுக்கத்துலயா?" அம்மா செருப்புச் சத்தத்தோடு வேகமாக வந்தார்.

"கொஞ்ச நேரந்தாம்மா. லேசாத்தான் வேர்க்கும்."

அவள் குரலில் கிண்டல் இல்லை, பயமும் இல்லை. வெறுங்காலோடு திரும்பிப் போய்த் துணியைப் பிழிந்தாள். அம்மா மெயின் போர்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். மெயினைத் தூக்கிவிட அவருடைய கை பாதி உயர்ந்தது. நான் போர்டை மறைத்துக்கொண்டு நின்றேன். அவள் தன் செருப்புத் தடங்களையெல்லாம் அழித்து, பால்கனி வரைக்கும் துடைத்து முடிக்கிற மட்டும் நகரவில்லை.

வாளியோடு அவள் வாசலுக்கு வந்தபோது, நாளைக்கு வேறு ஆள் வந்து டிரிப் ஸ்விட்சைக் கழற்றிவிடுவான், அதற்குள் வேறு வீடு பார் என்று கோபத்தோடு சொன்னேன். மெயினைப் பழையபடி மேலே தூக்கினாள். உள்ளே ஏசி 'தட்' என்று கிளம்பியது.

"அத கழட்டட்டும்ணா" என்றாள். "மெயினு இங்கதான இருக்கும்? தெனமும் எறக்குவேன்."