நான் பொருள் சொன்ன சொல்

எனக்கு இப்போது அறுபத்தெட்டு வயது. தக்கலைக்குப் பக்கத்தில் இருக்கிறேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கணினி முன்னால் உட்கார்ந்து பிழைத்தவன். அதில் பாதிக்கு மேல் இணையதளங்கள் செய்யும் வேலை. நான் செய்த பக்கங்களில் ஒன்றுகூட இன்று இணையத்தில் இல்லை. அதில் எனக்கு வருத்தமில்லை. வருத்தமெல்லாம் ஒரு முறை வாய்விட்டுச் சொன்ன ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான். அது ஒரு பெண்ணின் வேலையைப் பறித்தது. அந்தத் தொழிலுக்குள் அவள் திரும்ப நுழைய முடியாமல் செய்தது.

கடைசியாக நான் இருந்தது சென்னையில் ஒரு சிறிய நிறுவனம். முதலாளிக்கு என் மகன் வயது. மற்றவர்களுக்கு அதைவிடக் குறைவு. பழைய வாடிக்கையாளர்களின் பழைய தளங்கள் சில என் ஒருவனுக்குத்தான் புரியும் என்பதால் என்னை வைத்திருந்தார்கள். அவற்றைப் புதிதாக எழுதி முடிக்கும் நாளில் நான் தேவைப்பட மாட்டேன் என்பது எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

அங்கே அவள் வேலைக்குச் சேர்ந்தாள். பேச்சிப்பாறை போகும் வழியில், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே வீடு. அப்பா ரப்பர் பால் வெட்டுகிறவர். முதல் வாரத்தில் ஒரு நாள், நான் என் மனைவியிடம் தொலைபேசியில் பேசிவிட்டு வைத்ததும் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நீங்க நம்ம ஊரா? 'சாயா குடிச்சியா'ன்னு கேட்டியளே, எனக்க காது அங்க வந்துட்டு."

"ஒனக்கு எங்க மக்கா?"

"குலசேகரம் தாண்டிப் போணும். மழை பெஞ்சா கரண்டும் கெடையாது, பஸ்சும் கெடையாது."

"பின்ன என்னதான் உண்டு?"

"அட்டை உண்டு மாமா. காலு நெறைய ஒட்டிட்டு ரத்தம் குடிக்கும்."

அன்றிலிருந்து நான் மாமா. மற்றவர்கள் முன்னால் சார். நாங்கள் பேசுவதைக் கேட்டு, "ரெண்டு பேரும் மலையாளத்துல எங்களைத் திட்டுறீங்களா?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். "இது நல்ல தமிழாக்கும். மொதல்ல ஒழுங்கா 'வாழைப்பழம்' சொல்லுங்க, பொறவு எங்களைச் சொல்லலாம்" என்பாள். அவர்கள் சொல்லிப் பார்ப்பார்கள். அவள் தலையில் கை வைத்துக்கொள்வாள்.

நான் எழுதியது முதல் தடவையிலேயே பிழையில்லாமல் ஓடினால், எட்டிப் பார்த்து, "கொள்ளாம் மாமா" என்பாள். எங்கள் பக்கத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். கொள்ளாம் என்றால் நன்றாக இருக்கிறது என்று பொருள். குழம்பு கொள்ளாம், மாப்பிள்ளை கொள்ளாம். அதையே உதட்டைக் கொஞ்சம் சுழித்துச் சொன்னால் அதைவிடப் பெரிய கிண்டல் எங்களிடம் இல்லை.

அந்த நாட்களில் சமூக ஊடகத்தில் பெயரில்லாத ஒரு பக்கம் இருந்தது. எங்கள் அலுவலகத்தைப் பற்றித்தான் என்று எங்களுக்குப் புரியும். யார் எழுதுவது என்று யாருக்கும் தெரியாது. ஐந்து நிமிடம் என்று அழைத்து மதியம் வரை நடத்தும் கூட்டங்கள், வெள்ளிக்கிழமை மாலையில் வரும் 'சின்னத் திருத்தம்', எல்லாவற்றையும் இரண்டு மூன்று வரிகளில் எழுதி வைத்திருக்கும். இப்போதைய பிள்ளைகள் எழுதுவதுபோல ஆங்கில எழுத்தில் தமிழ். நானும் ஒரு பொய்ப் பெயரில் கணக்கு வைத்து அதை நாள்தோறும் படித்தேன். பிறரைக் கிண்டல் செய்தபோதெல்லாம் விருப்பக்குறி போட்டேன்.

ஒரு நாள் என் முறை வந்தது. பழைய காலத்தில் ஒரு பக்கத்தின் பகுதிகளை அடுக்குவதற்குக் கட்டம் கட்டமாகப் பிரித்துக்கொள்வோம். டேபிள் என்று அதற்குப் பெயர். அந்த முறையைத் தொழிலில் எல்லாரும் கைவிட்டு நெடுங்காலம் ஆகிவிட்டது. நான் மட்டும் அங்கங்கே அதையே செய்துகொண்டிருந்தேன். அந்தப் பக்கம் எழுதியது இது: 'எங்க ஆபீஸ்ல ஒரு பெரியவர். எல்லாரும் சாப்பிட்டுக் கை கழுவியாச்சு. அவர் மட்டும் இன்னும் டேபிளை விட்டு எந்திரிக்கல.'

உணவறையில் யாரோ அதை என்னிடமே காட்டினார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போன பிறகு எத்தனை பேர் விருப்பக்குறி போட்டிருக்கிறார்கள் என்று பார்த்தேன். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி பார்த்தேன். அந்த எண்ணைக் காட்டும் பெட்டியை நானே பல தளங்களுக்குச் செய்து கொடுத்திருக்கிறேன். வந்தவனைத் திரும்பத் திரும்ப வரவழைப்பதற்குத்தான் அது என்று வாடிக்கையாளர்களிடம் பெருமையாக விளக்கியும் இருக்கிறேன். அது வேலை செய்யும் விதத்தை அந்த வாரம் முழுவதும் என்னிடமே பார்த்தேன்.

சில வாரங்கள் கழித்து, டெங்கு வந்து மருத்துவமனையில் கிடந்த ஓர் ஊழியனின் படத்தை முதலாளி தன் பக்கத்தில் போட்டார். கையில் குளுகோஸ் ஏறுகிறது, மடியில் கணினி. 'இந்த அர்ப்பணிப்புதான் எங்கள் பலம்' என்று கீழே எழுதியிருந்தார். மறுநாள் பெயரில்லாத பக்கம் நான்கு வரி எழுதியது. 'இவன் கேட்டது லீவு. போனது லேப்டாப். படம் எடுத்தவன் காய்ச்சல் எவ்வளவு என்று கேட்கவில்லை. கொள்ளாம் முதலாளி, கொள்ளாம்.'

அது அலுவலகத்தைத் தாண்டிப் பரவியது. ஒரு பெரிய வாடிக்கையாளர் முதலாளியையே அழைத்துக் கேட்டுவிட்டார். அன்று பிற்பகலில் என்னை முதலாளியின் அறைக்குள் கூப்பிட்டார்கள். முதலாளியும் ஊழியர் நிர்வாகம் பார்க்கும் அம்மாவும் இருந்தார்கள்.

"சார், நீங்க பெரியவர், நீங்களே சொல்லுங்க. கடைசி லைனைப் பாருங்க. முதலாளியைக் கொல்லலாமாம்" என்றார் முதலாளி.

"ஒரு எழுத்து விட்டுப்போச்சு சார், ஆனா மீனிங் அதான்" என்றார் அந்த அம்மா.

"இது மிரட்டல். சைபர் கிரைம்ல கொடுக்கப் போறேன்."

ஆங்கில எழுத்தில் எழுதினால் லகரத்துக்கும் ளகரத்துக்கும் வேற்றுமை இல்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அய்யோ, கொலை இல்ல சார். அது கொள்ளாம். நல்லாருக்குன்னு அர்த்தம். எங்க பக்கத்துப் பேச்சு" என்றேன்.

"எந்தப் பக்கம்?"

"கன்னியாகுமரி ஜில்லா."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அந்த அம்மா கண்ணாடிச் சுவருக்கு வெளியே பார்த்தார். "இங்க உங்க ஊர்க்காரங்க எத்தனை பேர் சார்?"

"நானும்..." என்று தொடங்கி நிறுத்தினேன். முடிக்கத் தேவை இருக்கவில்லை.

காவல்துறை வழக்கிலிருந்து அவளைக் காப்பாற்றத்தான் பேசினேன் என்று பல ஆண்டுகள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் மனைவியிடமும் அப்படித்தான் சொன்னேன். அவள் நம்பினாள். உண்மை அதுவல்ல. சிரிப்பு வந்ததற்கும் வாயைத் திறந்ததற்கும் இடையில் நேரம் இருந்தது. அந்த நேரத்தில் எல்லாம் எனக்குத் தெரிந்தது: எழுதியது யார் என்பது, பொருள் சொன்னால் என்ன ஆகும் என்பது, 'மலையாளம் மாதிரி இருக்கு சார், தெரியல' என்று சொல்லித் தப்பிக்கலாம் என்பது. அப்போது என் மனத்தில் இருந்தது அந்த டேபிள் வரிதான். அதை எழுதியவள்மேல் பெரிய கோபம்கூட இல்லை. ஒரு அரிப்பு. அதோடு, இந்தக் கிழவனால் இன்னும் உபயோகம் உண்டு என்று அந்த இருவருக்கும் காட்டுகிற ஆசை.

அவளைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவள் மறைக்கவில்லை. அன்றே அனுப்பிவிட்டார்கள். விடுவிப்புக் கடிதம் கொடுக்கவில்லை. இவர் முறைப்படி எங்களிடமிருந்து விலகினார் என்று பழைய நிறுவனம் எழுதிக் கொடுக்கும் அந்த ஒரு தாள் இல்லாவிட்டால், எங்கள் தொழிலில் அடுத்த கதவு திறக்காது. பையை எடுத்துக்கொண்டு என் நாற்காலியைக் கடக்கும்போது, "வாறேன் மாமா" என்றாள். நான் திரையைப் பார்த்தபடியே தலையை ஆட்டினேன். அவளுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு இரண்டு ஆண்டுகள் அதே நாற்காலியில் இருந்தேன்.

ஓய்வூதியம் வாங்குகிறவன் உயிரோடிருக்கிறான் என்று ஆண்டுக்கொரு முறை சான்று கொடுக்க வேண்டும். சென்ற ஆண்டு அதற்காக ஓர் இ-சேவை மையத்துக்குப் போனேன். கணினிக்குப் பின்னால் அவள் இருந்தாள். மெலிந்திருந்தாள். முன்னால் இருந்த ஒரு பெண்ணிடம், "இதில ஒங்க பேரு வேற மாதிரியாக்கும் கெடக்கு, பாத்தியளா?" என்று பொறுமையாக விளக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மாறவில்லை. "உக்காருங்க" என்றாள்.

விரலை வைத்தேன். கருவி ஏற்கவில்லை. ஈரத்துணியால் துடைத்துவிட்டு மறுபடி வைக்கச் சொன்னாள். என்னால் தாங்க முடியவில்லை.

"மக்கா, அன்னைக்கு ஆபீஸ்ல..."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"அந்த ஆபீஸ்ல அந்த வார்த்தைக்கு அர்த்தம் ரெண்டு பேருக்குத்தான் தெரியும். ஒண்ணு நான். நான் சொல்லல்ல. மிச்சம் யாரு?"

"போலீசுக்குப் போறேன்னு நின்னான். அதுக்காக்கும் நான்..."

"போட்டும். வாற போலீஸ்கிட்ட அர்த்தத்த நான் சொல்லியிருப்பேன்லா? ஒங்ககிட்ட யாரு கேட்டா?" என் அடுத்த விரலை எடுத்துக் கருவியில் வைத்தாள். "அந்த டேபிள் ஜோக்குதானே?"

நான் விரலை இன்னும் அழுத்தினேன்.

"அத எழுதிட்டு ரெண்டு நாளு எனக்கு ஒரே வெப்ராளம். மாமாவுக்கு நொந்திருக்கும், அழிச்சிருவமான்னு. நீங்க கேன்டீன்ல சிரிச்சிய. செரி, ரசிச்சிட்டாருன்னு விட்டுட்டேன்."

விரல் பதிந்தது. அச்செடுக்கும்போதே மீதியைச் சொன்னாள். நான்கு நிறுவனங்களில் தேர்வானாள். நான்கிலும் அந்தத் தாளைக் கேட்டார்கள். ஒன்றில் பழைய அலுவலகத்தையே அழைத்து விசாரித்தார்கள். அப்பாவால் இப்போது ரப்பர் வெட்டப் போக முடிவதில்லை.

"அந்த லெட்டர நான் வாங்கித் தாறேன்" என்றேன்.

அப்போதுதான் என்னை நேராகப் பார்த்தாள். "வாங்கித் தருவியளா? உள்ளதாட்டா?" உண்மையாகவா என்றுதான் கேட்டாள், கேலியாகக் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் முதலாளியை அழைத்தேன். அவருக்கு மகிழ்ச்சி. "சார்! எப்படி இருக்கீங்க? உடம்பெல்லாம் நல்லாருக்கா?" விஷயத்தைச் சொன்னேன். "எந்தப் பொண்ணு சார்?" என்றார். டெங்கு, படம், அந்தச் சொல் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்தார். "அப்படியா நடந்துச்சு? எனக்குச் சுத்தமா ஞாபகம் இல்ல சார். கம்பெனியை மூடியே ஒரு வருஷம் ஆச்சு. லெட்டர்ஹெட்டும் இல்ல, ஆளும் இல்ல. யார் கையெழுத்துப் போடறது?" அவர் பொய் சொல்லவில்லை. உண்மையாகவே மறந்திருந்தார். நான் தேடிப் பார்த்தேன். அவர் போட்ட படமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை. அவள் ஆறு ஆண்டு சுமந்தது எங்கள் இரண்டு பேர் தலைக்குள் மட்டும்தான் மிச்சமிருந்தது.

நானே ஒரு கடிதம் எழுதினேன். நடந்ததையெல்லாம் எழுதிக் கையெழுத்திட்டேன். மூடிப்போன நிறுவனத்தின் பழைய ஊழியன் எழுதும் கடிதத்துக்கு எங்கும் மதிப்பில்லை என்று தெரிந்துதான் எழுதினேன். அதை எடுத்துக்கொண்டு போக எனக்குப் பதினோரு நாள் ஆயிற்று.

மையத்தில் இரண்டு பேர் காத்திருந்தார்கள். முதலாளி சொன்னதை நின்றபடியே சொன்னேன். அவள் கடிதத்தை வாங்கி முழுவதும் படித்தாள். மடித்து என் கையிலேயே கொடுத்தாள்.

"ஓகே சார். பரவாயில்ல. ட்ரை பண்ணீங்களே, தேங்க்ஸ்."

சென்னை அலுவலகத்தில் முதலாளியிடம் பேசும் குரல் அது. அந்தப் பேச்சில் எங்கள் ஊர் ஒரு எழுத்துகூட இல்லை. பிறகு எனக்குப் பின்னால் நின்ற பெண்ணைப் பார்த்து, "வாங்க, ஒங்களுக்கு ரேஷன் கார்டா? பேரு சேக்கணுமா, வெட்டணுமா?" என்று கேட்டாள். அந்தப் பெண் உட்காருவதற்காக நான் நகர வேண்டியிருந்தது.