தலை நிமிராத அரக்கன்

அண்ணே டாக்டரின் அறையை விட்டு வெளியே வந்த வேகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. உள்ளே போய்க் கதவைச் சாத்தியவர், நான் வெளியே நாற்காலியில் சாய்ந்து உட்காருவதற்குள் திரும்பி வந்துவிட்டார். என் கையிலிருந்த பையைக்கூட வாங்கவில்லை. படிக்கட்டைப் பார்த்து ஒரே நடை. மோட்டார் சைக்கிள் நிறுத்தியிருந்த இடத்துக்கு வந்த பிறகுதான் மூச்சு விட்டார். "என்ன சொன்னாங்கண்ணே?" என்று கேட்டேன். "ஒண்ணும் சொல்லலம்மா. ரிப்போர்ட்டப் படிச்சிக்கிட்டு இருந்தாரு. தலைய நிமிர்த்துறதுக்குள்ள எழுந்து வந்துட்டேன்" என்றார். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றேன். அவர் கழுத்தில் ஒரு கட்டி. அதிலிருந்து சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். முடிவைக் கேட்கத்தான் போனோம். கேட்காமலே வீடு திரும்பினோம்.

அண்ணே என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. மலேசிய ஜார்ஜ்டவுனில் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில், வெளிநாட்டு அட்டை விளையாட்டுகளுக்குப் படம் போட்டுக் கொடுக்கும் இடத்தில் ஒன்றாக வேலை பார்த்தோம். மந்திரவாதி, வீரன், அரக்கன் என்று ஒவ்வோர் அட்டைக்கும் ஒரு படம். அவர் கோடு போடுவார், நான் வண்ணம் தீட்டுவேன். அவரைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நான் பார்த்ததில்லை. பல்லிக்குப் பயம், லிஃப்டுக்குப் பயம், சந்து முனையில் படுத்திருக்கும் கிழட்டு நாய்க்கும் பயம். ஆனால் அரக்கன் என்று வந்துவிட்டால் எங்கள் போஸ், அதாவது முதலாளி, வேறு யாரையும் கூப்பிடமாட்டார். அண்ணே வரைந்ததை அச்செடுத்துத் தன் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் ஒட்டிவிட்டு, அதற்கு முதுகு காட்டி உட்கார்ந்து வேலை பார்ப்பார். முதுகு கூசினால் படம் தேறியது. கூசவில்லை என்றால் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி ஆரம்பிப்பார். செவ்வாய், வெள்ளியில் எந்த அரக்கனுக்கும் கண் எழுதமாட்டார். "கண்ணு வச்சா அது பார்க்க ஆரம்பிச்சிரும்லா" என்பார். "மத்த நாள்ல வச்சா மட்டும் கண்ண மூடிக்குமா?" என்று நான் சீண்டுவேன். "ஒனக்கு வெளயாட்டு" என்று முறைப்பார்.

அந்தச் சமயத்தில் வந்த வேலை ஒரு குகைக் காவலன். உள்ளே வருகிறவனின் விதி ஒரு கல்லில் எழுதியிருக்கும். அந்த அரக்கன் அதைப் படித்துச் சொல்வான். கேட்டவன் விளையாட்டிலிருந்து விழுந்துவிடுவான். அண்ணே வழக்கமாகப் போடும் கொம்பு, கோரைப்பல், நகம் எதுவும் இல்லாமல் ஒன்றை வரைந்தார். பெரிய தோள்கள். மடியில் கல். அதன் மேல் குனிந்த தலை. நெற்றியும் கொஞ்சம் மூக்கும்தான் தெரியும். அடுத்த நொடி நிமிர்ந்துவிடும் என்று கழுத்து நரம்பு சொல்லும். அதைச் சுவரில் ஒட்டிய அன்று அவரால் முதுகு காட்டி உட்கார முடியவில்லை. நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு நாள் முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மதியத்துக்கு வாங்கிய மீ கோரிங் நூடுல்ஸ் பொட்டலம் பிரிக்காமலே ஆறிப்போனது.

எனக்கும் பயமாகத்தான் இருந்தது. அந்தக் குனிந்த தலைக்குச் சாம்பல் வண்ணம் பூசுவதைக் கடைசிக்குத் தள்ளிப்போட்டேன். படத்துக்கு மட்டுமா பயந்தேன்? ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தால் அண்ணே எடுக்கமாட்டார். சத்தம் அடங்கும் வரை இருவரும் அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருப்போம். கட்டி பெரிதாகிறதா என்று அவர் சட்டைக் காலரை என் கண் தேடிக்கொண்டே இருந்தது. அண்ணி பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் வேலை. காலை ஷிப்ட் முடிந்து ஒரு நாள் சாப்பாட்டுடன் வந்தவர், "ஏம்மா, ஒங்கண்ணே ராத்திரில தூங்கவே மாட்றாரு, இங்க ஏதும் பிரச்சனையா?" என்று கேட்டார். அவருக்குத் தெரியாது. சொல்லக்கூடாது என்று அண்ணே என் கையைப் பிடித்துக் கேட்டிருந்தார். வேலை அதிகம் என்று சொல்லி அனுப்பிவைத்தேன். நோய் உள்ளே வளர்ந்துகொண்டிருந்தால், நாங்கள் சும்மா இருக்கிற ஒவ்வொரு நாளும் அதற்குத்தானே லாபம்?

படத்தைப் பார்த்த போஸ், நன்றாக இருக்கிறது, ஆனால் முகம் வேண்டும் என்றார். முகம் தெரியாத அரக்கனை அட்டையில் போட வாடிக்கையாளர் ஒத்துக்கொள்ளவில்லையாம். அண்ணே முகத்தை வரைய உட்கார்ந்தார். வரைந்தார், அழித்தார். கோபமான முகம், இளிக்கிற முகம், கல்லைப் போன்ற முகம். எதுவும் அந்த உடம்போடு சேரவில்லை. கடைசியில் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "பார்க்காத மூஞ்சிய எப்படிம்மா வரையறது?" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் வரைந்து வைத்திருந்தது குகையும் இல்லை, காவலனும் இல்லை. அந்த டாக்டர். எனக்கு எங்கிருந்து அந்தக் கோபம் வந்ததோ! "அப்ப எழுந்திருங்க. போய்ப் பாத்துட்டு வந்து வரைங்க" என்று கத்திவிட்டேன். மாடியே திரும்பிப் பார்த்தது. அண்ணே ஹெல்மெட்டை எடுத்தார்.

அண்ணே இன்று இல்லை. சிகிச்சை கொஞ்ச காலம் தாங்கியது, அவ்வளவுதான். அவர் முகம் வரைந்து முடித்துக் கொடுத்த அந்த அட்டை மட்டும் இன்னும் விற்கிறது. போன மாதம் ஒரு கடையில் விளையாடிக்கொண்டிருந்த கல்லூரிப் பிள்ளைகள் அதை நடுவில் வைத்துவிட்டுப் பேசிக்கொண்டார்கள். இத்தனை பெரிய அரக்கன், ஆனால் மூஞ்சியைப் பார்த்தால் அதுவே பயந்துபோய் இருக்கிறது, அதனால்தான் நமக்கு இப்படி உதறுகிறது என்றான் ஒருவன். நான் கடையை விட்டு வெளியே வந்தேன். காரணத்தைச் சொல்ல ஆரம்பித்தால், டாக்டரிடம் இரண்டாவது தடவை போனதைச் சொல்ல வேண்டியிருக்கும்.

அன்று நானும் அண்ணேயோடு உள்ளே போனேன். டாக்டர் ரிப்போர்ட்டின் மேல் குனிந்திருந்தார். அண்ணேயின் உடம்பு நாற்காலியிலிருந்து எழும்பியது. நான் அவர் சட்டைக் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன். படிப்பதற்கு அந்தத் தாளில் அவ்வளவு இருக்காது என்று எனக்கே தெரிந்தது. ஆனாலும் டாக்டர் படித்துக்கொண்டே இருந்தார். பிறகு தலை நிமிர்ந்தது. எங்கள் தமிழ்ப் பையன்தான், மீசைகூடச் சரியாக வளரவில்லை, வேலைக்குப் புதுசு. உதடு உலர்ந்திருந்தது. எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். வாயைத் திறந்தார், மூடினார். மறுபடியும் கண்ணைத் தாளுக்குக் கொண்டுபோகப் பார்த்தார். என் பிடிக்குள்ளிருந்த அண்ணேயின் கை மெல்லத் தளர்ந்தது. பல்லிக்குப் பயந்த அந்த மனிதர் மேசையின் பக்கம் குனிந்து சொன்னார்:

"பரவால்ல டாக்டர். பயப்படாம சொல்லுங்க."