அக்கா இழுத்த கேபிள்

பெங்களூரில் வாங்கி அக்கா தோளில் மாட்டிக்கொண்டு வந்த கறுப்புக் கேபிள் சுருள்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. சித்தூர் வீட்டுக் கூடத்தில் அதை அவள் இறக்கி வைத்தபோது, மிஷன் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்த நைனா காலால் தள்ளிப் பார்த்தார். "இன்னாம்மா இது, மாடு கட்டவா?" "ரெண்டு கம்ப்யூட்டரைக் கட்ட, நைனா." மகளும் தன்னைப் போலவே கணக்கு வாத்தியாராகி ஊரோடு இருப்பாள் என்று நம்பியிருந்த மனிதர் அவர். திருப்பதியில் ஒரு பொறியியல் கல்லூரிக்குக் கம்ப்யூட்டர் பாடம் எடுக்க அவள் போனதையே அவர் மனம் இன்னும் ஒப்பவில்லை.

அப்போது அந்தக் கல்லூரியில் ஒரு கம்ப்யூட்டருக்கும் இன்னொன்றுக்கும் தொடர்பே கிடையாது. ஆய்வகத்தையும் நூலகத்தையும் இணைத்துக் காட்டுகிறேன் என்று அக்கா முதல்வரிடம் சொல்லிவிட்டாள். சுற்றுவட்டாரத்தில் யாரும் செய்து பார்க்காத வேலை. முடியாவிட்டால் கம்ப்யூட்டர் துறைக்கென்று இனி எதுவும் கேட்டு வரக்கூடாது என்றார் அவர். அதன்பின் அவள் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்க்கவில்லை. தட்டைக் கையில் ஏந்தி நடந்தபடியே புரோகிராம் வரிகளை முணுமுணுப்பாள். அதே கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்துக்கொண்டு அவளோடு தங்கியிருந்த எனக்கும் அந்தப் பதற்றம் தொற்றிக்கொண்டது.

செய்து காட்டும் நாளன்று முதல்வரும் விருந்தினர்களும் நூலகத்தில் காத்திருந்தார்கள். திரையில் ஒன்றும் வரவில்லை. "பர்வாலேதம்மா" என்று தெலுங்கில் சமாதானம் சொல்லிவிட்டு முதல்வர் எழுந்தார், மற்றவர்களும் போனார்கள். அக்கா அழவில்லை. மொட்டைமாடிக்கு ஏறி, ஆய்வகத்திலிருந்து நூலகம்வரை அங்கே இழுத்திருந்த கேபிளை விரலால் தடவிக்கொண்டே வெயிலில் நடந்தாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் குரங்கு கடித்த இடம் அகப்பட்டது. அதை வெட்டி இணைத்துவிட்டு ஆய்வகத்துக்கு ஓடினாள். நூலகத்தில் நான் மட்டும் திரைமுன் நின்றிருந்தேன். ஆங்கில எழுத்துகளில் ஒரு சொல் வந்து விழுந்தது: துன்னியா?

ஓடிப்போய் முதல்வரைக் கையோடு அழைத்து வந்தேன். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். 'சாப்பிட்டாயா' என்று எங்கள் வீட்டுப் பேச்சு என்றதும் வாய்விட்டுச் சிரித்தார். துறை பிழைத்தது. பிறகு அக்கா பேராசிரியரானாள், துறைத்தலைவரானாள். தங்கள் கட்டடங்களையும் இணைத்துத் தரச் சொல்லி வேறு கல்லூரிகள் கூப்பிட்டன. வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் நைனா, "எம்பொண்ணு ஊரையே கட்டிப்போடுது" என்பார்.

இப்போது ஓய்வு பெற்றுச் சித்தூருக்கே வந்துவிட்டாள். ஆனாலும் இருப்புக்கொள்ளவில்லை. திருப்பதி தாண்டி வடமாலபேட்டைப் பக்கம் ஒரு கல்லூரிக்குப் பாடம் எடுக்கப் போகிறாள். போன வாரம் வகுப்பில் ஒரு பெண், "புரோகிராமை மெஷினே எழுதுதே மேடம், நாங்க ஏன் கத்துக்கணும்?" என்று கேட்டாளாம். அன்றிலிருந்து புரோகிராம் எழுதும் அந்தப் புது மென்பொருளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறாள். கால் வீங்கியிருக்கிறது, டாக்டர் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இன்று காலை பேருந்து நிலையத்தில் அவள் பையைப் பிடித்துக்கொண்டு, "எத்தினி நாளைக்குக்கா ஓடிக்கினே இருப்பே? வூட்ல உக்காரேன்" என்றேன்.

"அந்தப் பொண்ணுக்கு இன்னும் பதில் சொல்லலியேடி. எனக்கே தெரியல. எப்பிடி உக்காந்துகினு இருக்கிறது?"

திருப்பதி பேருந்து வளைந்து உள்ளே வந்தது. அது நிற்பதற்குள் பையை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டு ஏறிவிட்டாள்.