கோப்பிக் கூப்பனின் மறுபக்கம்

எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு வேட்டைக்காரர். டென்மார்க்கின் இந்த ரண்டர்ஸ் நகரில் இப்படி வேலிக்கு ஒருவர் இருப்பார். இலையுதிர்காலம் வந்தால் மான் இறைச்சி என்று ஒரு பொட்டலத்தை நீட்டுவார். நாங்கள் அதை மிளகாய்த்தூள் போட்டுப் பிரட்டி, மானுக்கே தன்னை அடையாளம் தெரியாத அளவுக்கு ஆக்கிச் சாப்பிடுவோம். போன கிழமை அவர் கையில் ஒரு கறுத்தக் குழாயோடு வேலிக்கு வந்தார். துவக்கின் வாயில் பூட்டுகிற சத்தம் அடக்கி அது. முன்பு இந்த நாட்டில் அதை வைத்திருப்பதே குற்றம். இப்போது வேட்டைக்காரர்கள் சட்டப்படி வாங்கலாமாம். "காதுக்கும் நல்லது, தோளுக்கும் நல்லது, இடி குறையும்" என்று சொல்லி, துவக்கின் அடிப்பக்கம் வந்து முட்டுகிற தோள்குழியைத் தட்டிக் காட்டினார். புதுச் சைக்கிள் கிடைத்த பிள்ளைக்குக்கூட அவ்வளவு சந்தோசம் இருக்காது.

அம்மா பக்கத்தில் நின்று போஞ்சிக்காய் ஆய்ந்துகொண்டிருந்தார். அம்மாவுக்கு டெனிஷ் இன்னும் அவ்வளவாக ஓடாது. ஆனால் அந்த மனிதர் தோளைத் தட்டியதும் அம்மாவின் கை அப்படியே நின்றுவிட்டது. வீட்டுக்குள் வந்த பிறகு, இத்தனை வருசமாகச் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றைச் சொன்னார். அது விளங்க வேண்டுமென்றால் நான் துவக்குச் சுட்ட கதையை முதலில் சொல்ல வேண்டும். ஓம், நான் சுட்டிருக்கிறேன். ஒன்பது வயதில்.

அப்போது ஒரு சின்ன டெனிஷ் ஊரின் அடுக்குமாடி வீட்டில் நாங்கள் மூன்று பேர்: அப்பா, அவருடைய தம்பியான என் சித்தப்பா, நான். என் தம்பி வயிற்றில் இருந்ததால் அம்மாவால் ஊரிலிருந்து எங்களோடு வர முடியவில்லை. அகதி என்று ஏற்றுக்கொண்டால் மனைவியையும் பிள்ளையையும் அழைக்கலாம் என்பது இந்த நாட்டுச் சட்டம். அதை நம்பித்தான் அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டார். எங்களை ஏற்றுக்கொண்டார்கள். அம்மாவுக்கான விண்ணப்பமும் போனது. போனது போனதுதான். இங்கே இருந்த எல்லாத் தமிழருக்கும் அதே கதைதான். தமிழரின் கோப்புகளை அடியில் போட்டு வைக்கச் சொல்லி அமைச்சர் ஒருவர் சொல்லியிருந்தார் என்பதெல்லாம் பிறகு விசாரணை நடந்து, அரசாங்கமே கவிழ்ந்தபோது உலகத்துக்குத் தெரிந்தது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அப்பா வேலை முடிந்து வந்து, சப்பாத்தைக் கழற்றாமலே தபால் பெட்டியைத் திறந்து பார்ப்பார்.

என் வகுப்புத் தோழியின் தாய் பேக்கரியில் வேலை செய்தார். மாலையில் ஊர் விளையாட்டு மண்டபத்தின் நிலக்கீழ் அறையில் பிள்ளைகளுக்குக் குறிபார்த்துச் சுடப் பழக்குவார். சிரிக்காதீர்கள், இந்த நாட்டில் அது பந்தடிப்பது மாதிரி ஒரு விளையாட்டு. தோழி என்னையும் வரச் சொன்னாள். அப்பாவிடம் கேட்கப் பயந்து சித்தப்பாவிடம் கேட்டேன். சித்தப்பாவுக்கு உலகத்தில் எதுவுமே பெரிய விஷயம் இல்லை.

"போ, போ. கொப்பர் கேட்டா உடற்பயிற்சி எண்டு சொல்லு. பாயிலை குப்புறப் படுக்கிறதுதானே? அதுவும் உடற்பயிற்சிதான்."

போனேன். முதல் வெடி கேட்டதும் மேசைக்குக் கீழே போய்விட்டேன். பின்னே? எங்கள் ஊரில் அந்தச் சத்தம் கேட்டால் அதைத்தான் செய்வோம். மற்றப் பிள்ளைகள் விழித்துக்கொண்டு பார்த்தார்கள். தோழியின் தாய் முழங்காலில் இருந்து, மேசைக்குக் கீழே தலையை விட்டு, என் காதுகளுக்குப் பெரிய காதுமூடியை மாட்டினார். சத்தம் இல்லாத துவக்கு இல்லையா என்று கேட்டேன். சத்தத்தை விழுங்குகிற குழாய் ஒன்று இருக்கிறது, ஆனால் அது சட்டத்தில் தடை, தனக்குக்கூடத் தரமாட்டார்கள் என்றார். பிறகு காதுமூடிக்கு மேலே தன் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து அழுத்திக்கொண்டார். பாண் வாசமும் வெண்ணெய் வாசமும் வந்தது. நான் திரும்பத் திரும்பப் போனது அந்தக் கைகளுக்காகத்தான். பாயில் படுத்திருக்கும்போது நெற்றியில் விழுகிற மயிரை அவர் பின்னாலிருந்து ஒதுக்கிவிடுவார். அதற்காகவே சில நாள் மயிரை வேணுமென்றே குலைத்துக்கொண்டு போவேன்.

சுட்டு முடிந்ததும் நடக்கிற சடங்குதான் எனக்கு வேடிக்கை. ஒவ்வொரு துவக்குக்கும் இலக்கம் இருந்தது. உள்ளே இருக்கிற இரும்புத் துண்டைக் கழற்றி ஒரு பெட்டியில் பூட்டுவார், துவக்கை வேறொரு இரும்பு அலுமாரியில் பூட்டுவார், திறப்பைக் கழுத்தில் போட்டுக்கொள்வார். இது யாருடையது, யார் தொடலாம், எங்கே வைக்க வேண்டும் எல்லாம் பொலிசுக்குத் தெரியும், அனுமதி இருக்கிறது என்று விளங்கப்படுத்தினார். ஊரில் நான் கண்ட துவக்குகளுக்கு யாரும் பூட்டுப் போட்டது கிடையாது. இந்த நாட்டில் துவக்குக்குக்கூட இருக்க அனுமதி இருக்கிறது, அம்மாவுக்கு மட்டும் ஏன் இல்லை என்று நான் யோசித்தேன். யாரிடமும் கேட்கவில்லை.

சித்தப்பாவும் அப்பாவும் பகுதிநேரமாக ஊரின் இலவச வாரப் பத்திரிகையை வீடுவீடாகப் போட்டுவந்தார்கள். செவ்வாய்க்கிழமை பின்னேரம் கட்டுக்கட்டாக வந்து இறங்கும். நாங்கள் மூவரும் நிலத்தில் இருந்து, ஒவ்வொன்றுக்குள்ளும் கடை விளம்பரத் தாள்களைச் செருகி மடிப்போம். அந்தச் செவ்வாய் அப்பாவின் கை நடுப்பக்கத்தில் நின்றது. நானும் எட்டிப் பார்த்தேன். அதற்கு முதல் கிழமை ஒரு பத்திரிகைக்காரர் நிலக்கீழ் அறைக்கு வந்து எடுத்த படம். நான்தான்! பாயில் படுத்து, காதுமூடியோடு, துவக்கில் கன்னத்தை வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு. ஊரின் புதிய குறிசூட்டு வீராங்கனை என்று தலைப்பு. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் அது எங்கே போனதென்று தெரியாது.

அப்பா கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை.

"பொலிசிலை என்னை எத்தினை தரம் கேட்டவங்கள்? ஆயுதம் தொட்டனியோ, வீட்டிலை ஆரும் தொட்டவையோ எண்டு. இல்லை எண்டு சொன்னனான். அதை எழுதி வைச்சிருக்கிறாங்கள். இப்ப இதைப் பாத்தா என்னை என்னெண்டு நினைப்பாங்கள்? இவளின்ரை தாயை விடுவாங்களோ?"

"அண்ணை, அது சட்டப்படி நடக்கிற சங்கம்."

"அவைக்குச் சட்டம். எங்களுக்கு?"

பத்திரிகையைப் போடாமல் விட்டால் வேலை போய்விடும். போட்டால் அம்மா வரமாட்டார். அப்பா எழுந்து போய்க் கத்தரிக்கோலை எடுத்து வந்தார். சாப்பாட்டு நேரம்வரை, அத்தனை பத்திரிகையிலிருந்தும் என்னை வெட்டி எடுத்தார்கள். நான் அழுதுகொண்டே விளம்பரத் தாள்களைச் செருகினேன். ஒன்பது வயதுப் பிள்ளைக்குத் தன் முகத்தை மூட்டை மூட்டையாக வெட்டிப் போடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது லேசான காரியமா?

மறுநாள் ஊர் முழுக்க ஒவ்வொரு வீட்டிலும் நடுவில் ஜன்னல் வைத்த பத்திரிகை விழுந்தது. அதற்கடுத்த நாள் தொலைபேசி அடிக்கத் தொடங்கியது. அவசரத்தில் யாரும் தாளைத் திருப்பிப் பார்க்கவில்லை. என் படத்துக்குப் பின்பக்கத்தில் கடைக்காரரின் அரைவிலைக் கோப்பிக் கூப்பன் இருந்திருக்கிறது! கோப்பி இல்லாமல் கண் விழிக்காத சனம் இது. என் முகத்தை யார் தேடினார்கள்? கூப்பன் எங்கே என்றுதான் ஊரே கேட்டது. பத்திரிகை போடுகிற தமிழர் கூப்பனை வெட்டி எடுத்துவிட்டார்கள் என்று கடையில் கதை வந்துவிட்டது.

"பரவாயில்லை அண்ணை," என்றார் சித்தப்பா. "இனி எங்களைத் துவக்குக்காரர் எண்டு ஆரும் நினைக்க மாட்டினம். கோப்பிக் கள்ளர் எண்டுதான் நினைப்பினம்."

அப்பா சிரிக்கவில்லை. களவு என்றால் பொலிஸ். பொலிஸ் என்றால் அம்மாவின் கோப்பு. துவக்கிலிருந்து தப்பப் போய்க் கோப்பியில் மாட்டிக்கொண்டோம். அன்று அவர் கதிரையில் இருந்து, தலையைக் கையில் தாங்கிக்கொண்டிருந்தார். அவர் அப்படி இருந்து நான் அதற்கு முன் கண்டதில்லை.

அந்த நேரம்தான் தோழியின் தாய் வந்தார், கையில் பாண் பையோடு. அவர் வீட்டுப் பத்திரிகையிலும் ஓட்டை. ஆனால் அந்த ஓட்டைக்குள் என்ன படம் இருந்ததென்று அந்த ஊரில் அவருக்குத்தான் தெரியும். பிள்ளை சுட்டதில் பிழை ஒன்றும் இல்லை, எல்லாவற்றுக்கும் அனுமதி இருக்கிறது, பயப்பட வேண்டாம் என்று அப்பாவிடம் மெதுவாகச் சொன்னார். அப்பாவின் டெனிஷ் அவ்வளவு தூரம் போகாது. என்னை முன்னால் நிறுத்தினார்.

"சொல்லு பிள்ளை. இவ நல்ல மனிசி எண்டு எனக்குத் தெரியும். ஆனா கொம்மா வந்து இந்த வாசலிலை கால் வைக்கும் மட்டும் இந்த வீட்டுப் பிள்ளை துவக்கோடை நிக்கேலாது. நிண்டா கொம்மா வரேலாது. அவ்வளவுதான்."

என்னிடம் அவ்வளவு சொல் இருக்கவில்லை. அம்மா வந்த பிறகு வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். அவர் என்னையும் அப்பாவையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு கதிரையை இழுத்துப்போட்டு இருந்து, சித்தப்பா போட்ட தேநீரைச் சீனி கூடிப்போனதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் குடித்து முடித்தார்.

அடுத்த நாள் பேக்கரிக்கு வந்த ஒவ்வொருவரிடமும் அவர் ஒரு கதை சொன்னாராம். மகளின் படம் பத்திரிகையில் வந்ததில் தகப்பனுக்குத் தலைகால் தெரியாத சந்தோசம், சொந்தக்காரர் எல்லாருக்கும் அனுப்ப ஆளுக்கொன்று வெட்டி எடுத்துவிட்டார் என்று. அந்த ஊர் அதை உடனே நம்பியது. ஒரு தமிழனை விட்டால் பின்னால் நூறு சொந்தக்காரர் வருவார்கள் என்று எல்லாரும் கதைத்த காலம் அது. அந்தக் கதை எங்களுக்கு உதவிய ஒரே தரம் அதுதான். கடைக்காரரும் கூப்பன் இல்லாமலே அரைவிலைக்குக் கோப்பி கொடுத்தார். சித்தப்பாவும் போய் ஒரு பைக்கற் வாங்கி வந்தார்! பொலிஸ் வரவில்லை. நான் நிலக்கீழ் அறைக்குப் பிறகு போகவில்லை.

வெட்டிய படங்கள் குப்பைக்குப் போயின. ஒன்றைத் தவிர. அப்பா அந்த ஒன்றை மேசையில் வைத்து, சின்னக் கத்தரிக்கோலால் துவக்கையும் பாயையும் சுற்றிச் சுற்றி வெட்டி எறிந்தார். மிஞ்சியது என் முகம், காதுமூடி, மூடிய ஒரு கண். அதைத்தான் அம்மாவுக்கு அனுப்பினார். பிள்ளை எப்படி வளர்ந்துவிட்டாள் என்று பார்க்கட்டும் என்றார். கனநாள் கழித்து, யார் யாரோ கையால் மாறி அம்மாவின் கடிதம் வந்தது. பிள்ளை ஏன் ஒரு கண்ணை மூடிக்கொண்டிருக்கிறாள், கண்ணில் ஏதும் வருத்தமா, கண்ணுக்குக் கூடாத வேலைக்குப் பிள்ளையை விடவேண்டாம், நான் வரும்மட்டும் அவளைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கோ என்று எழுதியிருந்தார். அப்பாவும் சித்தப்பாவும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். கண்ணுக்கு ஒன்றும் இல்லை, பிள்ளை உம்மைப் பார்த்துத்தான் கண்ணடிக்கிறாள், காதில் இருப்பது குளிருக்கு மாட்டுவது என்று அப்பா பதில் எழுதினார்.

போன கிழமை, போஞ்சிக்காயை மேசையில் வைத்துவிட்டு அம்மா சொன்னது இதுதான்.

"எங்கடை ஒழுங்கை முடக்கிலை காவல் சென்றி. அதிலை நிண்ட ஆமிக்காரங்கள் நாள் முழுக்க அப்பிடித்தான் துவக்கிலை கன்னத்தை வைச்சு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நிப்பாங்கள். கொப்பர் துவக்கை வெட்டினா எனக்குத் தெரியாதே? பிள்ளையை அங்கையும் இயக்கத்துக்கு இழுத்துப்போட்டாங்கள் எண்டு நினைச்சன். ஆமிக்காரங்கள் கடிதத்தை உடைச்சுப் பாப்பாங்கள், துவக்கு எண்டு எழுதேலுமே? அதுதான் கண் எண்டு எழுதினனான். கொப்பர் கண்ணடிக்கிறாள் எண்டு எழுதினார். அதுக்குப் பிறகு நான் நித்திரை கொண்டதே இல்லை."

வந்த பிறகாவது ஏன் கேட்கவில்லை என்றேன். வந்த அன்றே பார்த்துவிட்டேனே, பிறகு என்னத்தைக் கேட்பது என்றார்.

அம்மா வந்த அன்று எனக்குப் பதினொரு வயது. கோபன்ஹேகன் விமான நிலையத்தில் நாங்கள் வரிசையாக நின்றோம். தோழியின் தாய் தந்துவிட்ட சின்ன டெனிஷ் கொடி என் கையில். அம்மா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவால் வந்தார். எத்தனையோ நாள் நான் படுக்கையில் கிடந்து அந்தக் கணத்தை ஒத்திகை பார்த்திருக்கிறேன். அம்மா ஓடி வருவார், என்னைக் கட்டிப்பிடிப்பார், நான் கொடியை ஆட்டுவேன். ஒன்றும் நடக்கவில்லை. தம்பியை அப்பாவின் கையில் கொடுத்துவிட்டு, என் கையைப் பிடித்து நேரே கழிப்பறைக்கு இழுத்துக்கொண்டு போனார். கதவைச் சாத்தினார். என் குளிர்ச்சட்டையின் பொத்தான்களைக் கழற்றினார், சட்டையை இழுத்துவிட்டார். வலது தோளைப் பார்த்தார், முழங்கைகளைத் திருப்பிப் பார்த்தார். எங்கள் ஊரில் சென்றிகளில் ஆமிக்காரர் பொடியளையும் பெட்டையளையும் பஸ்ஸால் இறக்கி, துவக்குப் பிடித்த தழும்பு இருக்கிறதா என்று பார்க்கிற அதே இடங்கள். தோள்குழியில் பெருவிரலை வைத்து அழுத்தினார்.

"நோகுதோ?"

"இல்லை."

இன்னொரு தரம் அழுத்தினார். "உண்மையாச் சொல்லு. நோகேல்லையோ?"

"இல்லை அம்மா."

அம்மா அந்த ஈரத் தரையிலேயே இருந்து, என் தோளில் முகத்தை வைத்து அழுதார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இவ்வளவு தூரம் வந்து, பிள்ளையை ஒரு தரம் கட்டிப்பிடிக்காமல் சட்டையைக் கழற்றுகிறாரே, வெளியில் எல்லாரும் நிற்கிறார்களே, கொடி கீழே விழுந்து நனைகிறதே என்று அம்மாவோடு எனக்குச் சரியான கோபம்.