தன்னையே பிடித்துக்கொண்ட டீபக்கர்

பிழையைத் தேடுகிற நிரலுக்குள்ளேயே அந்தப் பிழை இருந்தால், அதை எதைக்கொண்டு தேடுவது? இதற்கு இன்றுவரை எனக்கு விடை தெரியவில்லை.

எண்பதுகள் முடியப்போகும் இந்த நாட்களில், கைக்குழந்தையைச் சித்தூரில் நாத்தனாரிடம் விட்டுவிட்டுத் திருப்பதியில் ஒரு கம்ப்யூட்டர் மையத்துக்குத் தினமும் பஸ்ஸில் போய்வருகிறேன். தூங்கும் குழந்தைக்கு மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரல் வைத்துப் பார்த்து, அவளை எழுப்பிவிடுகிறவள் நான். வேலையிலும் அப்படித்தான்.

மையத்தில் உள்ள ஒரே இயந்திரம் அடிக்கடி உறைந்து நின்றது. கோளாறு கர்னலில், அதாவது மற்ற நிரல்களையெல்லாம் ஓட்டும் அடிப்படை நிரலில். அதைக் கண்டுபிடிக்க டீபக்கர் என்னும் பிழை தேடும் நிரல் ஒன்றை எழுதினேன். சந்தேகப்படும் இடத்தில் ஒரு பொறி வைத்தால், ஓட்டம் அங்கே வந்ததும் எல்லாம் நின்று, டீபக்கர் எழுந்து நிலவரத்தைத் திரையில் காட்டும். வாரக் கடைசிக்குள் காரணம் தெரியாவிட்டால் மெட்ராஸிலிருந்து ஆள் கூப்பிடுவதாக மேலாளர் சொல்லிவிட்டார். அவர்கள் வந்தால் என் தற்காலிக வேலை போய்விடும். கணவருக்கும் வேலை இல்லை, பகலெல்லாம் தேடி அலைகிறார்.

எங்கெங்கோ பொறி வைத்தும் எதுவும் அகப்படவில்லை. மீதி இருந்தது நினைவகத்தில் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகலெடுக்கும் ஒரு சிறு பகுதி. அதில் பொறி வைத்ததும் இயந்திரமே செத்துப்போனது. கிளப்பி மறுபடி வைத்தேன், மறுபடி செத்தது. வெகுநேரம் கழித்தே புரிந்தது. நிலவரத்தைக் காட்ட டீபக்கரும் அதே பகுதியைத்தான் கூப்பிடுகிறது. போன இடத்தில் என் பொறி டீபக்கரையே பிடிக்கிறது. பிடிபட்டதைச் சொல்ல எழுகிறது, மீண்டும் பிடிபடுகிறது.

மேலாளரிடம் விளக்கினேன். "இன்னாம்மா, திருடனப் புடிக்க வுட்ட போலீசு தன் கைக்கே வெலங்கு போட்டுக்கினு நிக்குதா?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

டீபக்கர் தொடும் இடங்களிலெல்லாம் பொறி வைக்கக் கூடாது என்று தடை எழுதினேன். இயந்திரம் சாகவில்லை. ஆனால் நான் பார்க்கவேண்டிய இடமும் அந்தத் தடைக்குள் போய்விட்டது. அதனால் நகலெடுக்கும் பகுதியை வரிக்கு வரி அப்படியே எடுத்து, வேறு பெயரில் டீபக்கருக்கென்று தனியாக வைத்தேன். பழையதன் மேலிருந்த தடையை நீக்கினேன். பொறி வேலை செய்தது, திரை நிறைந்தது. காட்டியதெல்லாம் சரியாகவே இருந்தது. அன்று மாலையே இயந்திரம் மறுபடி உறைந்தது.

திரும்பும் வழியில், பாகாலா ரயில்வே கேட்டில் பஸ் நின்றபோதுதான் உறைத்தது. ஓர் எழுத்துக்கூட மாற்றாமல்தானே எடுத்துவைத்தேன்? பிழை அதில் இருந்தால் என் டீபக்கரிலும் இருக்கும். சரி என்று அது காட்டியதை எப்படி நம்புவது?

வீட்டில் கணவரிடம் சொன்னேன். "அத்தப் பாத்து எழுதினா அதே தப்புதானே வரும்? பாக்காம புதுசா எழுதிப் பாரேன்" என்றார், குழந்தையைத் தோளில் தட்டிக்கொண்டே.

மறுநாள் பழையதைத் திறக்காமல் புதிதாக எழுதி டீபக்கருக்குக் கொடுத்தேன். முன்பு காட்டியதற்கும் இப்போது திரையில் வந்ததற்கும் ஓரிடம் மட்டும் வேறாக இருந்தது. எது சரி? யோசித்துப் பார்த்ததில் பழையதுதான் தவறு என்று பட்டது. ஆனால் இரண்டையும் எடைபோட்டவள் நான் ஒருத்திதானே. நேரமில்லாததால் புதியதையே கர்னலிலும் போட்டுவிட்டேன்.

"சரியாப் போச்சா?" என்று கேட்டார் மேலாளர்.

"ஓடுதுங்க சார்" என்றேன். சரியாகிவிட்டது என்று சொல்ல வாய் வரவில்லை.

மெட்ராஸ்காரர்களை அவர் கூப்பிடவில்லை. மறுபடி உறையும்வரை வேலை உண்டு என்றார். இதுவரை உறையவில்லை. ஆனாலும் காலையில் பஸ்ஸிலிருந்து திருப்பதி மலை கண்ணில் படும்போதே, இன்று நின்றுபோயிருக்குமோ என்று நினைத்துவிடுகிறேன். இப்போது கர்னலும் டீபக்கரும் நான் எழுதிய அதே வரிகளின்மேல் நிற்கின்றன. நான் தப்பாக எழுதியிருந்தால் இரண்டும் சேர்ந்தே பொய் சொல்லும். இந்த வேலை தெரிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், இரண்டாவது இயந்திரம் இல்லாமல் இதைச் சோதிக்க என்ன செய்வீர்கள் என்று தயவுசெய்து எழுதுங்கள்.